படகுக்கு வாடகை உண்டு, தீவுக்கு?

ஒரு கனவான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாவது பிறந்தநாள் வருகிறது. பணத்துக்குப் பஞ்சமில்லை. மத்தியதரைக் கடல் பார்த்தாயிற்று, மாலத்தீவும் பார்த்தாயிற்று. இந்த முறை கலாபகஸ் தீவுகளுக்குப் போகலாம், ஒரு சொகுசுப் படகை முழுசாக வாடகைக்குப் பிடித்து, குடும்பமும் நண்பர்களுமாக ஒரு வாரம் சுற்றலாம் என்று முடிவு செய்கிறார். ஏஜென்டுக்கு போன் போட்டு ஆசைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுகிறார்.

"ஜெட் ஸ்கீ ரெண்டு ஏத்திக்கலாமா?"

"முடியாது சார். மோட்டார் வச்ச நீர் விளையாட்டு எதுவும் அங்கே கூடாது."

"சரி, ட்ரோன் விட்டு வீடியோ எடுக்கலாம்ல?"

"அதுவும் கூடாது சார்."

"ராத்திரி பீச்சுல நெருப்பு மூட்டி, பார்பெக்யூ போட்டு ஒரு பார்ட்டி?"

"நெருப்பு மூட்டக் கூடாது சார். சாயந்திரம் 6 மணிக்குள்ள எல்லாரும் படகுக்குத் திரும்பிடணும்."

"பசங்க மட்டும் ஒரு தீவுல இறங்கி நடந்துட்டு வரட்டுமே?"

"உரிமம் வாங்கின வழிகாட்டி இல்லாம யாரும் இறங்க முடியாது சார்."

"போகட்டும்யா. பிடிச்ச இடத்துல கூட ஒரு நாள் நிக்கச் சொல்லி கேப்டன்கிட்ட சொல்லிக்கிறேன்."

"கேப்டன் கையில எதுவும் இல்ல சார். எந்த நாள், எந்தத் தீவு, காலையா மதியமா, எல்லாம் பூங்கா நிர்வாகம் முன்னாடியே முடிவு பண்ணினது."

கனவானுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. "அப்புறம் எதுக்குய்யா நான் இவ்வளவு காசு கொடுக்கிறேன்?"

நல்ல கேள்வி. அவர் அதை ஆத்திரத்தில் கேட்டாலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால், அவர் கொடுக்கும் காசு யாருக்குப் போக வேண்டும் என்ற இன்னொரு கேள்வியும் கூடவே வந்து நிற்கும். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் இந்தத் தொழிலில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை.

முதலில் இடத்தைப் பற்றி

கலாபகஸ், ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான தீவுக்கூட்டம். தென்னமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் கடலின் நடுவே எரிமலைகள் கக்கிய பாறைகளால் ஆனது. டார்வின் 1835இல் பீகிள் கப்பலில் வந்து பார்த்த அதே தீவுகள். ராட்சத ஆமைகள், கடலில் மூழ்கிப் பாசி மேயும் இகுவானாக்கள், பறக்கத் தெரியாத நீர்க்காகம், நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் பென்குவின் என்று வேறெங்கும் பார்க்க முடியாத உயிர்கள் அங்கே இருக்கின்றன. மனிதனைக் கண்டு அவை ஓடுவதில்லை என்பதுதான் பெரிய ஆச்சரியம். நடைபாதையின் நடுவில் கடல் சிங்கம் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும், மனிதர்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

1959இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தீவுகளின் நிலப்பரப்பில் 97 சதவீதம் பூங்கா, மிச்சமுள்ள 3 சதவீதத்தில்தான் ஊர்களும் விவசாயமும். 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியல் போட்டபோது அதில் இடம்பெற்ற 12 இடங்களில் இதுவும் ஒன்று. 1998இல் கலாபகஸுக்கென்றே தனிச் சட்டம் வந்தது, சுற்றியுள்ள கடலும் காப்பகமானது. இத்தனைக்குப் பிறகும் 2007இல் யுனெஸ்கோ இதை "ஆபத்தில் உள்ள" இடங்களின் பட்டியலில் சேர்த்தது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த உயிரினங்கள், கட்டுக்கடங்காத சுற்றுலா, மீன்பிடி ஆகியவைதான் காரணம். 2010இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது.

அதாவது, சட்டம் இருந்தும் தடுமாறிய இடம் இது. சட்டமே இல்லாமல் இருந்திருந்தால்?

விதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு

கனவான் எரிச்சலடைந்த விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பயணிகள். அங்குள்ள சொகுசுப் படகுகளில் பெரும்பாலானவற்றில் 16 பேருக்கு மட்டும் இடம் இருப்பதற்கு இதுதான் காரணம். 17வது ஆள் ஏறினால் இரண்டாவது வழிகாட்டி வேண்டும், கணக்கு உதைக்கும். மிகப் பெரிய கப்பலுக்கே 100 பயணிகள்தான் உச்சவரம்பு. ஆயிரக்கணக்கானோரை ஏற்றி வரும் கப்பல்களுக்கு அங்கே வேலையே இல்லை.

2012இல் வந்த ஏற்பாட்டின்படி ஒரு படகின் சுற்று 15 நாள், 14 இரவு. அதற்குள் பார்த்த இடத்துக்கே அந்தப் படகு திரும்ப வரக் கூடாது. எல்லாப் படகுகளும் பிரபலமான நாலு இடத்தையே மொய்க்காமல் இருக்கத்தான் இது. கேப்டன் நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாததன் காரணமும் இதுதான். "வாடகை கொடுத்தவன் நான்தானே" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. வாடகைக்கு எடுத்தது படகைத்தான். பாதை பொதுச்சொத்து.

வந்து இறங்கும் பயணியின் பெட்டி சோதிக்கப்படும். விதை, பழம், மண் ஒட்டிய செருப்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. "சொந்தப் படகில் நேராக வருகிறேன்" என்று கிளம்பும் கோடீசுவரருக்கு இன்னும் கெடுபிடி. முன்கூட்டியே ஏஜென்ட் மூலம் அனுமதி வாங்க வேண்டும். பூச்சி மருந்து அடித்த சான்றிதழ் வேண்டும். நீர்மூழ்கி வீரர்கள் படகின் அடிப்பகுதியைப் பார்ப்பார்கள். பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால், காப்பகத்துக்கு வெளியே போய்ச் சுத்தம் செய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் ஓவர் என்று தோன்றுகிறதா? பின்டா தீவின் கதையைக் கேளுங்கள். 1959இல், பூங்கா பிறந்த அதே வருஷம், மீனவர்கள் இறைச்சிக்கு உதவுமே என்று சில ஆடுகளை அந்தத் தீவில் விட்டுப் போனார்கள். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆடுகள் சில வருஷங்களில் பல்லாயிரமாகப் பெருகித் தீவின் பச்சையை வழித்துத் தின்றன. திமிங்கில வேட்டைக்காரர்கள் பிடித்துத் தின்றது போக மிச்சமிருந்த ஆமைகளுக்கும் மேய ஒன்றுமில்லை. அந்தத் தீவுக்கே உரிய ஆமை இனத்தில் கடைசியாக எஞ்சியது ஒரே ஒரு ஆண் ஆமை, "லோன்சம் ஜார்ஜ்". 2012 ஜூன் 24 அன்று அதுவும் செத்தது. அந்த ஆமைக்குத் துணை தேடிப் பல வருஷம் முயன்றும் அதன் இனத்தில் ஒரு பெண் ஆமை கிடைக்கவில்லை.

இசபெலா, சான்டியாகோ தீவுகளில் ஆடுகளை ஒழிக்க 1997 முதல் 2006 வரை ஒரு திட்டமே நடந்தது. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள். செலவு சுமார் 1 கோடி டாலர். அப்போது வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 100 டாலர். ஆக, ஒரு லட்சம் பயணிகள் கட்டிய மொத்தக் கட்டணமும் ஆட்டுக்குப் போனது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆட்டைக் கொண்டுவந்து விட்டவர் கட்டியது பூஜ்யம்.

விதி கட்டாமல் விட்டதன் விலை அது.

அப்படியானால் சரக்கு எது?

வணிகவியல் முதலாண்டுப் பாடத்திலேயே வரும் விஷயம்தான் இது. ஒரு பொருளின் விலை ஏறினால் அதைச் சந்தைக்குக் கொண்டுவருபவர் கூடுவார், அளிப்பு கூடும், விலை மறுபடி இறங்கும். கலாபகஸில் அது நடக்காது. அளிப்பு அங்கே கெட்டியாக ஒரே இடத்தில் நிற்கிறது. படகுகளுக்கான உரிமங்களுக்கு வரம்பு உண்டு, உள்ளே தங்கிச் சுற்றும் படகுகள் மொத்தம் சுமார் 70தான். ஒருவர் எத்தனை கோடி போட்டு எவ்வளவு அழகான படகு கட்டினாலும், உரிமம் இல்லையென்றால் அது வெறும் மரமும் இரும்பும். உரிமம் இருந்தால் பழைய படகுக்கும் கிராக்கி.

தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. 1990இல் அந்தத் தீவுகளுக்கு வந்தவர்கள் சுமார் 41,000 பேர். 2023இல் சுமார் 3.3 லட்சம். தேவை எட்டு மடங்கு ஏறி, படகில் படுக்கை மட்டும் ஏறாவிட்டால் விலை எங்கே போகும்? 16 பேர் செல்லும் நல்ல சொகுசுப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு முழுசாக எடுத்தால் 1 லட்சம் டாலரைத் தாண்டுவது அங்கே சர்வ சாதாரணம்.

இப்போது கனவானின் கேள்விக்கு வரலாம். அவர் எதற்குக் காசு கொடுக்கிறார்? பஞ்சு மெத்தைக்கா? அது ஊரிலேயே இருக்கிறது. ஏசிக்கா, சமையல்காரருக்கா? மத்தியதரைக் கடலில் இதைவிடப் பெரிய படகில் இதைவிட நல்ல சமையல்காரர் கிடைப்பார். அவர் காசு கொடுப்பது, காலையில் இறங்கும் கரையில் வேறு கூட்டம் இல்லாமல் இருப்பதற்கு. பக்கத்தில் போனாலும் பறவை பறந்து ஓடாமல் இருப்பதற்கு. ஃபெர்னாண்டினா போன்ற ஒரு பெரிய தீவில் எலியோ பூனையோ ஆடோ இன்றுவரை காலூன்றாமல் இருப்பதற்கு. மொத்தத்தில், "கூடாது", "முடியாது", "அனுமதி இல்லை" என்று ஏஜென்ட் சொன்னாரே, அந்தச் சொற்களுக்குத்தான் காசு.

அங்கே விதிகள்தான் சரக்கு. படகு அதைக் கொண்டுவந்து கொடுக்கும் வண்டி, அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் விதி இல்லாத இடத்தைப் பாருங்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடா ஒரு காலத்தில் சொர்க்கம். 2000இல் வந்த ஒரு ஹாலிவுட் படம் அதை உலகப் பிரபலமாக்கியது. பிறகு நாளொன்றுக்கு 5,000 பேர்வரை வந்தார்கள். படகு மேல் படகு, நங்கூரம் மேல் நங்கூரம், பவளப்பாறை நொறுங்கியது. 2018 ஜூனில் அரசு கரையையே மூடியது. மறுபடி திறந்தது 2022 ஜனவரியில், அதுவும் படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. விதி இல்லாத சொர்க்கத்தில் கடைசியில் விற்க ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றரை வருஷம் கடையைச் சாத்திவிட்டு, விதியைப் போட்ட பிறகுதான் திறக்க முடிந்தது.

சரக்கை உண்டாக்குகிறவர் யார், காசை வாங்குகிறவர் யார்?

இங்கேதான் வயிறு எரிகிறது.

விதியைப் போட்டது ஈக்வடார் அரசு. அதைக் காவல் காப்பது பூங்கா ஊழியர்களும் ரோந்துப் படகுகளும். விதியின் சுமையைத் தாங்குவது, நினைத்த இடத்தில் வீடு கட்டவோ, நினைத்த இடத்தில் வலை போடவோ முடியாத உள்ளூர் மக்கள், 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 28,500 பேர். இவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தத் தட்டுப்பாட்டை உண்டாக்குகிறார்கள். அந்தத் தட்டுப்பாட்டினால் ஏறும் விலை யார் பையில் விழுகிறது? பெருமளவு படகுக்காரர், வெளிநாட்டு ஏஜென்சி, இடைத்தரகர் பையில்.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சார்லஸ் டார்வின் அறக்கட்டளைக்காக புரூஸ் எப்லர் 2007இல் எழுதிய அறிக்கையில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. கலாபகஸ் சுற்றுலா ஈட்டிய சுமார் 41.8 கோடி டாலரில் தீவுகளின் பொருளாதாரத்துக்குள் வந்து சேர்ந்தது சுமார் 6.3 கோடி மட்டும். நூற்றுக்குப் பதினைந்து. பழைய கணக்குதான், தரையில் தங்கும் சுற்றுலா அதற்குப் பிறகு நிறைய வளர்ந்திருக்கிறது. ஆனால் முழுப் படகு வாடகை எடுக்கும் கனவானின் காசு பயணிக்கும் பாதை அன்றும் இன்றும் ஒன்றுதான். அவர் விமானத்தில் இறங்குகிறார், படகில் ஏறுகிறார், படகிலேயே சாப்பிடுகிறார், தூங்குகிறார், ஒரு வாரம் கழித்து விமானம் ஏறுகிறார். ஊருக்குள் ஒரு காபி குடித்தால் அதிசயம்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை இந்தத் தொழிலின் போர்டில் எழுதி மாட்டலாம்.

சரி, நுழைவுக் கட்டணம் கட்டுகிறாரே? கட்டுகிறார். 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரும்பாலான வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு அது 200 டாலர். 1998இல் வைத்த 100 டாலரை 26 வருஷம் தொடாமல் வைத்திருந்து, பிறகு இரட்டிப்பாக்கினார்கள். இப்போது ஒரு சின்னக் கணக்கு.

கனவான் 1 லட்சம் டாலருக்குப் படகு எடுக்கிறார். 16 பேர் போனால் நுழைவுக் கட்டணம் 3,200 டாலர். வாடகையில் 3.2 சதவீதம்.

அவர் ஆறு பேரோடு மட்டும் போனால்? படகு வாடகை அதேதான், நுழைவுக் கட்டணம் 1,200 டாலர். 1.2 சதவீதம்.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு வரும் ஒரு கல்லூரிப் பையன், புவெர்ட்டோ அயோராவில் மலிவான விடுதியில் தங்கி, உள்ளூர்க் கடையில் சாப்பிட்டு, ஒரு வாரத்துக்கு 800 டாலர் செலவழிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் அதே 200 டாலர். அவன் செலவில் 25 சதவீதம்.

கனவானுக்கு 1.2, பையனுக்கு 25. பையனின் காசுதான் உள்ளூர்க் கடைக்காரர் கைக்கும் போகிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2024 உயர்வில் வெளிநாட்டவருக்கு 100 டாலர் 200 ஆனது, இரண்டு மடங்கு. ஈக்வடார் நாட்டவருக்கு 6 டாலர் 30 ஆனது. ஐந்து மடங்கு! தொகை சின்னதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கீட்டோவில் வேலை பார்க்கும் ஒரு பள்ளி ஆசிரியை தன் நாட்டு ஆமையைத் தன் பிள்ளைக்குக் காட்டும் செலவு ஐந்து மடங்கு ஏறும்போது, கனவானின் செலவு அவர் கவனிக்காத அளவுக்கு மட்டும் ஏறுகிறது. இது என்ன நியாயம்?

"ஆனால்..." என்று இழுப்பவர்களுக்கு

ஆறு பேர் வந்தால் தேய்மானம் குறைவுதானே, கட்டணமும் குறைவாக இருப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நடைபாதையைப் பொறுத்தவரை உண்மைதான். பணக்காரர் பாதமும் ஏழை பாதமும் பாறையை ஒரே மாதிரிதான் தேய்க்கும். ஆனால் படகு? ஆறு பேருக்கும் அதே எஞ்சின், அதே ஜெனரேட்டர், அதே நங்கூரம், கிட்டத்தட்ட அதே சிப்பந்திகள். வரம்புக்கு உட்பட்ட படுக்கைகளில் பத்து அந்த வாரம் காலியாகக் கிடக்கிறது, வேறு யாருக்கும் இல்லை. எரியும் டீசல் கடல் தாண்டி வருகிறது. 2001 ஜனவரியில் ஜெசிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவில் தரைதட்டி எண்ணெயைக் கொட்டியது நினைவிருக்கிறதா? அது ஏற்றி வந்ததில் ஒரு பகுதி சுற்றுலாக் கப்பலுக்கான எரிபொருள். சான்டா ஃபே தீவில் எண்ணெய் லேசாகத்தான் பட்டது. ஆனாலும் அடுத்த ஒரு வருஷத்தில் அங்கே கடல் இகுவானாக்களில் 62 சதவீதம் செத்துப்போயின என்று 2002இல் நேச்சர் இதழில் ஆய்வு வந்தது. தலையை எண்ணிக் கட்டணம் வாங்கினால் இந்தச் செலவெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

படகு முதலாளி தன் படகுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறார். இயந்திரம் பழசாகும், பெயின்ட் உரியும், ஒருநாள் புதுசு வாங்க வேண்டும் என்று ஒதுக்கி வைக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அவர் வியாபாரத்தில் அதிகம் தேயக்கூடிய சொத்து தீவு. புதுசு வாங்கவே முடியாத சொத்தும் அதுதான். அதற்கு எந்த ஏட்டில் தேய்மானம் எழுதுகிறார்கள்?

கட்டணத்தை ஏற்றினால் பயணிகள் ஓடிவிடுவார்கள் என்பது அடுத்த பூச்சாண்டி. ருவாண்டா 2017இல் கொரில்லா பார்க்கும் அனுமதியை 750 டாலரிலிருந்து 1,500 ஆக்கியது. ஒரு மணி நேரம் பார்க்க 1,500 டாலர்! ஆனாலும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பூட்டான் 2022இல் ஓர் இரவுக்கு 200 டாலர் என்று வைத்துப் பார்த்தது, கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று தெரிந்ததும் 2023இல் 100 ஆகக் குறைத்துக்கொண்டது. குறைத்ததே தவிர எடுத்துவிடவில்லை. கவனியுங்கள், பூட்டானில் அது இரவுக்கு இவ்வளவு. கலாபகஸில் ஒருமுறை கட்டினால் தீர்ந்தது, இரண்டு நாள் இருந்தாலும் ஒன்று, இரண்டு வாரம் இருந்தாலும் ஒன்று.

படகுக்காரர் உரிமக் கட்டணம், வரி எல்லாம் தனியாகக் கட்டுகிறாரே என்பார்கள். கட்டட்டும். எல்லா ஊரிலும் எல்லாத் தொழிலும் கட்டுவதுதான் அது. தட்டுப்பாட்டால் ஏறிய விலையில் தட்டுப்பாட்டைக் காக்கிறவருக்குப் பங்கு எங்கே என்பதுதான் கேள்வி.

காவலுக்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. 2017 ஆகஸ்டில் காப்பகத்துக்குள் ஒரு சீனக் கப்பல் பிடிபட்டது. உள்ளே சுமார் 300 டன் கடல்வாழ் உயிர்கள், அதில் 6,000க்கும் மேற்பட்டவை சுறாக்கள். 2022இல் இன்னும் 60,000 சதுர கிலோமீட்டர் கடலைப் புதிய காப்பகமாக அறிவித்தார்கள். அறிவிக்கக் காகிதம் போதும், காவல் காக்கப் படகும் டீசலும் சம்பளமும் வேண்டும். 2023 மே மாதம் ஈக்வடார் தன் பழைய கடனில் சுமார் 160 கோடி டாலரை மாற்றியமைத்து, மிச்சமாகும் பணத்தில் சுமார் 45 கோடி டாலரைப் பதினெட்டு வருஷத்துக்கும் மேல் பிரித்துக் கலாபகஸ் கடலுக்குச் செலவிடுவதாக ஒப்பந்தம் போட்டது. ஒரு நாடு கடன் பத்திரத்தைப் புரட்டிப்போட்டுக் காவலுக்குக் காசு தேடுகிறது. அதே கடலில் படகு நிறுத்தி ஷாம்பெயின் உடைப்பவரிடம் இன்னும் கொஞ்சம் கேட்பது மட்டும் பாவமா?

என்ன செய்யலாம்?

திட்டிவிட்டு மட்டும் போனால் சரியில்லை. மூன்று விஷயங்கள்.

ஒன்று, படகுப் பயணத்துக்குத் தலைக் கணக்கோடு படுக்கைக் கணக்கும் வேண்டும். படகில் 16 படுக்கை என்றால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 16க்கும், ஒவ்வோர் இரவுக்கும். ஒரு படுக்கைக்கு ஓர் இரவுக்கு 50 டாலர் என்று வைத்தாலும் ஏழு இரவுக்கு 5,600 டாலர். 1 லட்சம் டாலர் வாடகையில் 5.6 சதவீதம். சொகுசுப் படகு வாடகைத் தொழிலில் சிப்பந்திகளுக்கு வாடகையில் 10 சதவீதம் டிப்ஸ் கொடுப்பதெல்லாம் சாதாரணம். சிரித்த முகத்தோடு துண்டு மடித்துக் கொடுத்தவருக்கு 10 ஆயிரம் கொடுக்க மனசு வருகிறது, தீவுக்கு 5 ஆயிரம் கொடுக்க வராதா?

இரண்டு, வாடகை ஏற ஏற அந்தக் கட்டணமும் ஏற வேண்டும். சின்னப் படகும் மூன்றடுக்குச் சொகுசுப் படகும் ஒரே தட்டில் கூடாது. அந்த வரவைக் கொண்டு உள்நாட்டவர் கட்டணத்தைப் பழையபடி இறக்கலாம்.

மூன்று, வந்த காசு எங்கே போனது என்பதை வருஷா வருஷம் ஊரறியச் சொல்ல வேண்டும். ரோந்துக்கு எவ்வளவு, பெட்டிச் சோதனைக்கு எவ்வளவு, ஊர்ப் பள்ளிக்கும் குடிநீருக்கும் எவ்வளவு என்று. "அரசாங்கம் தின்றுவிடும்" என்ற சாக்கு அப்போது எடுபடாது. கணக்கைக் காட்டாமல் கட்டணம் ஏற்றும் அரசாங்கமும் இந்த வழக்கில் குற்றவாளிதான், அதற்காகக் கனவான் விடுதலையாகிவிட முடியாது.

கடைசியாக அந்த போன் பேச்சுக்கே திரும்பலாம். "எதுக்குய்யா இவ்வளவு காசு?" என்று கேட்டபோது ஏஜென்ட் என்ன சொல்லியிருப்பார்? "சர்வீஸ் பிரமாதமா இருக்கும் சார்" என்று சமாளித்திருப்பார். சொல்லியிருக்க வேண்டியது வேறு. "நீங்க கேட்டதுக்கெல்லாம் முடியாதுன்னு சொல்ல அங்கே ஆள் இருக்காங்க சார். உங்களுக்கு முன்னாடி வந்தவங்ககிட்டயும் அதையேதான் சொன்னாங்க. அதனாலதான் நீங்க போய்ப் பார்க்க அங்கே இன்னும் ஏதோ மிச்சம் இருக்கு. அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் இந்தக் காசுல ஒரு பங்கு."

அப்படிச் சொல்லும் ஏஜென்ட் கிடைப்பது கஷ்டம். பில்லில் அப்படி ஒரு வரி சேர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சட்டம் நினைத்தால் ஒரே நாளில் முடியும்.